கழுத்துக்குக் கட்டம் கிடையாது

நானூற்றுப் பன்னிரண்டு ஆடுகள் வரிசையாகச் சம்மதித்திருந்தன. ஒன்றுகூட மறுக்கவில்லை. ஒரு கல்லூரியில் இப்படி நூற்றுக்கு நூறு தேர்ச்சி வந்தால் நிர்வாகம் வாசலில் பேனர் கட்டும். வினாத்தாளை யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். சம்மத மையத்திலும் அதுதான் நடந்தது. பாளையங்கோட்டையைத் தாண்டி நான்குவழிச் சாலையோரம் நின்ற அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் முகப்பில், ஒரு வெள்ளாடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பேனர் தொங்கியது. ஆட்டுக்குக் கட்டைவிரல் கிடையாது என்பதை உள்ளே வேலை பார்த்த அத்தனை பேரும் கவனித்திருந்தார்கள். எல்லாரும் படித்தவர்கள் என்பதால் சும்மா இருந்தார்கள்.

வாயில்லா உயிர்கள் சம்மதச் சட்டம் வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆய்வுக்கூடத்தில் எந்த விலங்கின் மேலும் கத்தி வைப்பதற்கு முன்னால் அதனிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். எப்படிக் கேட்பது என்று சட்டத்தில் இல்லை. சட்டங்கள் அந்த மாதிரிச் சில்லறை விஷயங்களுக்குள் போவதில்லை. வழி கண்டுபிடித்தவர் மையத்தின் இயக்குநர் டாக்டர் ஹெலன் தவமணி. ஆட்டின் மூளையில் துவரம்பருப்பு அளவுக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆடு தானாக விரும்பி ஒரு காரியத்துக்குப் போனால் அங்கே ரத்த ஓட்டம் கூடும். பிடிக்காமல் போனால் குறையும். அந்தப் பருப்பின் பெயர் சம்மதப் புள்ளி. அதைப் படம்பிடிக்க ஒரு ராட்சதக் காந்தம் வாங்கினார்கள். கன்றுக்குட்டி வரை உள்ளே நுழையும் அகலம். முதலில் ஒரு படம். பிறகு அறுவை அறையின் ஸ்பிரிட் வாடையையும் கத்தித் தட்டின் சத்தத்தையும் ஆட்டுக்குக் காட்டி இன்னொரு படம். இரண்டாவதில் பருப்பு சிவந்திருந்தால், ஆடு ஒத்துக்கொண்டது.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவன் சொரிமுத்து. பதவியின் பெயரே கேட்பாளர். வயது இருபத்தொன்பது, முனைவர் பட்ட ஆய்வில் ஆறாம் வருடம். பாபநாசம் பக்கத்தில் இருக்கும் அவன் அம்மாவிடம், பையன் என்ன செய்கிறான் என்று யாராவது விசாரித்தால், "ஆட்டுகிட்ட கேக்குதான்" என்பாள். அதற்கு மேல் யாரும் விசாரித்ததில்லை.

நானூற்றுப் பதின்மூன்றாவது ஆடு வேறு ரகம்.

கறுப்பு உடம்பில் காதோரம் இரண்டு வெள்ளைக் கோடு விழுந்த கன்னி இனத்து ஆடு அது. ஆட்டுக்கொட்டில் பொறுப்பாளர் பேச்சியம்மாள் அதற்கு வக்கீல் என்று பேர் வைத்திருந்தாள். வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் ஆட்சேபம். தீவனத் தொட்டி இடது பக்கம் இருந்தால் ஆட்சேபம், வலது பக்கம் மாற்றினால் அதற்கும் ஆட்சேபம். எந்திரச் சத்தத்துக்குப் பழகுவதற்காக எல்லா ஆடுகளும் மூன்று வாரம் மரப்பெட்டிக்குள் படுத்துப் பழகும். வக்கீலுக்கு ஒன்பது வாரம் ஆனது. அதுவும் பேச்சி பக்கத்தில் நின்று அகத்திக்கீரை ஊட்டினால்தான் படுக்கும். செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு இழுத்து வரும்போது சொரிமுத்துவின் முழங்காலில் ஓர் உதை, அவன் குனிந்து தேய்க்கையில் கையிலிருந்த சம்மதப் படிவத்தில் கால்வாசி ஸ்வாகா.

இருபது நிமிடம் கழித்துத் திரையில் பச்சை எழுத்து வந்தது. *சம்மதம். உறுதி 97 சதவீதம்.*

"யாருக்கு சம்மதமாம்?" என்று கேட்டாள் பேச்சி.

"வக்கீலுக்கு."

"என்னத்துக்கு?"

"ஈரல்ல பாதிய எடுத்துட்டு செயற்கை ஈரல் வைக்கதுக்கு."

பேச்சி வக்கீலைப் பார்த்தாள். அது கட்டிலில் இருந்து இறங்கியதும் இறங்காததுமாக எந்திரத்தின் மேல் ஒரு முட்டு முட்டிவிட்டு நின்றது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு வருடமாக ஆடுகளோடு பேசி, அந்த அளவுக்கு மட்டுமே மனிதர்களோடும் பேசுகிறவள். வக்கீலின் கழுத்தில் கையை வைத்தாள். எடுத்தாள். திரும்பவும் வைத்தாள்.

"தம்பி, இங்க தொட்டுப் பாருங்க. கழுத்து சுடுது."

சொரிமுத்து திரையைப் பார்த்தான். "முப்பத்தொம்பது இருக்குக்கா. ஆட்டுக்கு அதான் சரியான சூடு."

"அது எங்க வச்சுப் பாத்தது?"

"பின்னாடி."

"நான் முன்னாடில்லா சொல்லுதேன்."

சொரிமுத்து தொட்டுப் பார்த்தான். அரை மணி நேரம் வெயிலில் நின்ற பைக் சீட்டு மாதிரி இருந்தது.

ஆறு வருடத்தில் அவன் ஆட்டின் கழுத்தைத் தொட்டதே இல்லை. தொடச் சொல்லிப் படிவத்தில் இல்லை. ஒன்பதாம் எண் படிவத்தில் 'குத வெப்பநிலை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப, காந்தத்துக்குள் உலோகம் போகக்கூடாது என்பதால் கண்ணாடி இழையில் செய்த ஒரு வெப்பமானியும் இருந்தது. மையம் முழுவதற்கும் அது ஒன்றுதான். ஆட்டின் பின்பக்கத்தில் செருகுவார்கள். உடம்பு சூடானால், அடியில் விரித்திருக்கும் தண்ணீர்ப் போர்வை தானாகவே குளிர்ந்து சூட்டைச் சரிக்கட்டும். ஆக, நானூற்றுப் பன்னிரண்டு ஆடுகளின் வால் பகுதியும் முப்பத்தொன்பது டிகிரியில் ஒழுங்காக இருந்தது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

"கழுத்துல என்ன செய்யுதிய?" என்று கேட்டாள் பேச்சி.

"மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகுதுன்னு பாக்கணும்லா. மருந்து எதுவும் ஏத்தாம பாக்கோம். ஓட்டுப் போட்டா விரல்ல மை வைக்காவல்ல, அந்த மாதிரி கழுத்து வழியா போற ரத்தத்துக்கு ரேடியோ அலையால மை வைக்கோம். மேல போனப்புறம் மை வச்சது எத்தனைன்னு எண்ணுவோம்."

"அந்த மை சுடுமா?"

"கொஞ்சமா சுடும். எந்த அலையும் சதையில பட்டா..." அவன் நிறுத்தினான். படிவத்தின் மூலையில் அச்சிட்டிருந்த வருடத்தைப் பார்த்தான். பழைய சின்னக் காந்தத்துக்காக எழுதிய படிவம். இப்போதிருப்பதற்கு அதைப்போல் மூன்று மடங்கு பலம். காந்தத்தின் பலம் இரண்டு மடங்கானால் மையின் சூடு நாலு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. இதை அவன் முதல் வருடத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறான்.

"சூடானா ரத்தம் கூட ஓடும், பருப்பு சிவக்கும்" என்றான் தனக்குத்தானே. "மொத படம் எடுக்கும்போது கழுத்து சூடேறாம இருக்கும். ரெண்டாவது படத்துக்குள்ள சூடேறிரும். கேள்வி எப்பவும் ரெண்டாவதுலதான்."

பேச்சி வக்கீலின் காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எங்க கோயில் கொடை விழாவுல கிடா வெட்டுததுக்கு முன்னால மஞ்சத்தண்ணி ஊத்துவாவ. ஆடு உடம்பச் சிலுப்பணும். சிலுப்பினா அதுக்குச் சம்மதம், சாமியும் உத்தரவு குடுத்தாச்சு."

"சிலுப்பலன்னா?"

"மறுபடி ஊத்துவாவ."

"அப்பவும் சிலுப்பலன்னா?"

"எங்கப்பாதான் பூசாரி. காதுக்குள்ள ஊத்துவாரு. காதுல ஊத்தினா நீங்களும் சிலுப்புவிய."

சொரிமுத்து சிரிக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டில் முன்னூற்று எண்பத்தெட்டு ஆடுகளின் சம்மதத்துக்குக் கீழே அவன் கையெழுத்து இருந்தது. அவன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் அதுதான். எல்லாவற்றுக்கும் மேல், வெள்ளிக்கிழமை அனுமதி தர ஒன்பது பேர் கொண்ட அரசுக் குழு ஒன்று வருகிறது. வக்கீலை அவர்கள் கண்முன் கேட்க வேண்டும். பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் ஒரு தாளில் கையெழுத்திடுவார்கள். அடுத்த மாதத்திலிருந்து, நினைவில்லாமல் கிடக்கும் மனிதர்களையும் இதே எந்திரத்தில் கேட்கலாம்: அறுவைக்குச் சம்மதமா, குழாயை எடுக்கலாமா, சிறுநீரகத்தைக் கொடுக்கிறீர்களா.

நூற்றுக்கு நூறு பேரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நிறுத்தணும்க்கா" என்றான்.

"நிறுத்துங்க. நான் என்ன செய்யணும்?"

அவளுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் பதிவேட்டை எடுத்துப் பார்த்தான். கணினியில் இருந்தாலும் காகிதத்திலும் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. எண், இனம், எடை, குத வெப்பநிலை, பதில் என்று ஐந்து கட்டங்கள். எடை கூடிய ஆடுகளில், பதிலை ஒட்டி எழுதியிருந்த உறுதி சதவீதமும் கூடியிருந்தது. பன்னிரண்டு கிலோ குட்டிக்கு எண்பத்தொன்று. நாற்பது கிலோ கிடாவுக்குத் தொண்ணூற்றெட்டு. உடம்பு பெரிதானால் அலையை அதிகமாக வாங்கும், அதிகமாகச் சூடாகும். ஆறு வருடமாக இந்த வரிசை அவன் மூக்குக்குக் கீழே இருந்தது. பெரிய ஆடுகளுக்குப் பக்குவம் அதிகம் என்று ஆய்வேட்டில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தான்.

முதல் பக்கத்தின் முதல் வரி எப்போதும் போல விநோதமாக நின்றது. எண்: பூஜ்யம். இனம்: காலி. எடை: 78 கிலோ. வெப்பநிலை: காலி. பதில்: சம்மதம். இயக்குநரின் கையெழுத்து. தேதி, முதல் ஆட்டுக்கு ஒரு மாதம் முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

"இது என்ன உருப்படின்னு இன்னும் யாருக்கும் தெரியலல்லா" என்றாள் பேச்சி, எட்டிப் பார்த்து. "கன்னுக்குட்டியா இருக்கும். இல்லன்னா நல்லா தின்ன பன்னி."

"எந்திரத்தச் சோதிக்கதுக்கு ஏதாவது வச்சிருப்பாவ" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினான்.

புதன்கிழமை காலையில் இன்னொரு வெப்பமானி கேட்டு விண்ணப்பித்தான். மூன்று விலைப்புள்ளிகள் வாங்கினால் எட்டு மாதத்தில் கிடைக்கும் என்று அலுவலகம் அன்போடு சொன்னது. அவன் நன்றி சொல்லிவிட்டு, இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். பேச்சி மேலப்பாளையத்திலிருந்து நான்கு பொட்டலம் கடல்பாசி வாங்கி வந்திருந்தாள். நோன்புக் காலத்தில் பால் சேர்த்துக் காய்ச்சி வில்லை போடும் அதே கடல்பாசி. கழுத்துச் சதைக்கு மாற்றாக அதை உப்புத் தண்ணீரில் காய்ச்சி, ஓர் ஆட்டின் கழுத்தளவு பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றி உறையவைத்தார்கள். நடுவில் வெப்பமானியைச் செருகி எந்திரத்துக்குள் தள்ளினான். இருபது நிமிடத்தில் நான்கரை டிகிரி ஏறியது. திரை 'பதில் இல்லை' என்றது. அந்த எந்திரத்தில் இதுவரை சம்மதிக்காத ஒரே ஜீவன் கடல்பாசிதான்.

குடத்தையும் வரைபடத்தையும் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனான்.

ஹெலன் தவமணிக்கு ஐம்பத்தேழு வயது. பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்ப்பார். கேட்கும்போது காகிதத்தைப் பார்ப்பார். மேசையில் ஒரு புகைப்படம் இருந்தது. வாலிபால் அணியின் நடுவில், பந்தைக் கக்கத்தில் இடுக்கியபடி, நல்ல உயரமாக ஒரு மனிதர். கணவர் தனசிங், உடற்பயிற்சி ஆசிரியர். பக்கவாதம் வந்து மூன்று வருடம் பேச்சில்லாமல் கிடந்தவர். மண்டையில் ஓர் அறுவை செய்தார்கள்; நான்காம் நாள் போய்விட்டார். வருடத்துக்கொரு முறை நினைவு நாளில் எல்லாருக்கும் கேக் கொடுக்கும்போது இயக்குநர் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "அவர் சம்மதிச்சுத்தான் நடந்தது." கண் இமையால் சொல்லியிருப்பார் போல என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு கேக்கைச் சாப்பிடுவார்கள்.

அவர் வரைபடத்தை இரண்டு முறை பார்த்தார்.

"இது ஜெல்லி, முத்து."

"ஆமா மேடம்."

"ஜெல்லியில ரத்தம் ஓடாது. உயிருள்ள கழுத்துல ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. அது சூட்டை அப்பப்ப எடுத்துட்டுப் போயிடும். கழுத்துல தங்காது."

"சரிதான் மேடம். அந்த ரத்தம் கழுத்துல இருந்து எங்க போகுது?"

அது தலைக்குப் போகிறது என்பது அவர் கண்டுபிடிப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

"வெள்ளிக்கிழமை குழு வருது" என்றார் கடைசியில். "இதுக்காக நான் ஒம்போது வருஷமா அலைஞ்சிருக்கேன். பேச முடியாத ஒரு ஆளு படுக்கையில கெடக்கான். டாக்டர் கேக்காரு, பொண்டாட்டி முழிக்கா, மச்சான் ஒண்ணு சொல்லுதான், அண்ணன் ஒண்ணு சொல்லுதான். படுத்திருக்கவன்கிட்ட மட்டும் யாரும் கேக்கல. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது மேடம். ஆனா கேட்டா நெசமான பதில் வரணும்லா."

"நீ சொல்றது சரின்னு ஆனா, உன் ஆய்வேடு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"ஆட்டுக் கழுத்தை எப்படிச் சுட வைக்கலாம்னு நானூறு பக்கம் ஆயிரும்."

அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. சிரிப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"உயிருள்ள ஆட்டுல காட்டு. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணி. நானே வந்து உக்காருவேன். காட்ட முடியலன்னா வெள்ளிக்கிழமை நீ வாயத் தொறக்கக் கூடாது."

"சரி மேடம்."

"அந்தக் கொடத்த எடுத்துட்டுப் போ. எறும்பு வரும்."

வெப்பமானியை வக்கீலின் கழுத்துத் தோலுக்கு அடியில் வைத்தால் துல்லியமாக இருக்கும். ஆனால் தோலைக் கீறுவதற்குச் சட்டப்படி ஆட்டின் சம்மதம் வேண்டும். சம்மதத்தை எந்திரத்தில்தான் கேட்க வேண்டும். எந்திரம் என்ன சொல்லும் என்று சொரிமுத்துவுக்கு இப்போது தெரியும். அதனால் அந்த வழியை விட்டுவிட்டு, கழுத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ரோமத்தை மழித்து, தோலோடு தோலாக இழையை ஒட்டி, மேலே தடியாகப் பஞ்சும் அதற்கு மேல் பிளாஸ்டிக் தாளும் வைத்துக் கட்டினான். பின்பக்கத்துக்கு வெப்பமானி இல்லை. ஒன்பதாம் படிவத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டான். ஆறு வருடத்தில் அவன் செய்த முதல் விதிமீறல்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு ஹெலன் தவமணி வந்து கட்டுப்பாட்டு அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேச்சி சேலையில் இருந்த ஊக்குகளை எல்லாம் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, ஒரு கட்டு அகத்திக்கீரையோடு காந்த அறைக்குள் போனாள். வக்கீல் வாசற்படியில் ஆட்சேபித்தது. பிறகு கீரையைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பைப் பதிவு செய்தபடி படுத்தது.

"முதல்ல என்ன?" என்றார் இயக்குநர்.

"எதுவும் கேக்கப் போறதில்ல மேடம். மொத படம், ரெண்டாவது படம். நடுவுல ஸ்பிரிட் வாடை கிடையாது, தட்டு சத்தம் கிடையாது. சும்மா."

எந்திரம் இரைய ஆரம்பித்தது. கழுத்துச் சூடு 38.8. ஐந்து நிமிடத்தில் 39.6. பதினைந்தில் 41. இருபதாவது நிமிடம் 41.4இல் நின்றது. திரையில் பச்சை எழுத்து.

*சம்மதம். உறுதி 96 சதவீதம்.*

சொரிமுத்து திரையை இயக்குநர் பக்கம் திருப்பினான்.

"கேள்வியே கேக்கல" என்றான்.

"கண்ணு தெரியுது எனக்கு. அடுத்து."

ஆடு ஆற நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் தேநீர் வந்தது, யாரும் குடிக்கவில்லை. அடுத்த முறை பேச்சி ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரும் இரண்டு பருத்தித் துண்டும் எடுத்துப் போனாள். துண்டை நனைத்து வக்கீலின் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். இரைச்சல் நடக்கும்போதே, மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மக்கில் மொண்டு மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். கழுத்துச் சூடு 39இலேயே நின்றது.

*பதில் இல்லை. மீண்டும் கேட்கவும்.*

"துண்டோட ஈரம் உன் வெப்பமானியில படுதா?" இயக்குநர் கேட்டார்.

"பஞ்சும் தாளும் இருக்கு மேடம். ஆனா நீங்க அத நம்ப வேண்டாம். எந்திரம் சொன்னத மட்டும் பாருங்க. அதே ஆடு, அதே எந்திரம், ரெண்டு தடவையும் ஒண்ணும் கேக்கல. துண்டு மட்டும்தான் வித்தியாசம்."

அவர் தலையசைத்தார். "இப்ப நெசமாவே கேளு. துண்டோட."

மூன்றாவது முறை ஸ்பிரிட் வாடையைத் திறந்துவிட்டான். கத்தித் தட்டின் சத்தத்தைப் போட்டான். பேச்சி தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். திரையில் துவரம்பருப்பு மெல்ல மெல்ல நீலமானது. எழுத்து வர வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. எந்திரத்துக்குள் அந்தச் சொல் இருந்தது. இதுவரை அதைக் காட்டும் அவசியம் வந்ததில்லை. சிவப்பில் வந்தது.

*மறுப்பு. உறுதி 93 சதவீதம்.*

உள்ளிருந்து பேச்சியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "என்ன சொல்லுது தம்பி?"

"மாட்டேங்குது."

"அதத்தான மூணு மாசமா சொல்லிட்டுக் கெடக்கு." துண்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "எங்க ஊர்ல தண்ணி ஊத்தி ஆமான்னு வாங்குவாவ. நாம தண்ணி ஊத்தி இல்லன்னு வாங்கிட்டோம்."

"திரும்ப" என்றார் இயக்குநர்.

திரும்பச் செய்தார்கள். 94. "திரும்ப" என்றார். துண்டை எடுத்துவிட்டுக் கேட்டார்கள்: சம்மதம், 97. துண்டைப் போட்டுக் கேட்டார்கள்: மறுப்பு, 92. ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம் காத்திருந்தார். ஒருமுறைகூட எழுந்து போகவில்லை. சொரிமுத்து எதிர்பார்த்து வந்தது சண்டையை. அதற்கு வேண்டிய வாக்கியங்களைக் குளியலறையில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவனைவிடப் பிடிவாதமாக அதே உண்மையைத் தோண்டிக்கொண்டிருந்தார். அது அவனுக்கு என்னவோ போல இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே நன்றாக இருட்டியபோது அவர் கேட்டார்: "எடை கூடினா என்ன ஆகும்?"

"சூடு கூடும் மேடம். உடம்பு பெருசானா அலையக் கூட வாங்கும். வக்கீல் இருபத்தெட்டு கிலோ, ரெண்டரை டிகிரி ஏறுது. நாப்பது கிலோ கிடான்னா மூணு கூட தாண்டும்."

"எழுபத்தெட்டு கிலோ?"

"அது ரொம்ப ஏறும் மேடம். அந்த மாதிரி உடம்புல கேள்வி கேக்கதுக்கு முன்னாலயே சம்மதம் வந்துரும். ஆனா எழுபத்தெட்டு கிலோவுல ஆடு..."

பதிவேட்டின் முதல் வரி அவன் நினைவுக்கு வந்தது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிய அந்த உயரமான மனிதர் நினைவுக்கு வந்தார். கன்றுக்குட்டி வரை நுழையும் அகலம் நினைவுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. யாருமில்லாத கட்டடம். ஒரு பெண் தன் புருஷனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, மூன்று வருடமாக யாரும் அவரிடம் கேட்காத கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அவள் ஒன்றும் திணிக்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்டாள். பச்சை எழுத்து வந்தது.

உள்ளே பேச்சி துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒலிபெருக்கி திறந்தேதான் இருந்தது. பிழிகிற சத்தம் நின்றது.

"இன்னொருவாட்டி போடவா மேடம்?" என்றான் சொரிமுத்து.

"வேண்டாம். போதும்." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டபோது குரல் பழையபடி இருந்தது. "நாளைக்குக் குழு முன்னால வக்கீலை ரெண்டு தடவ கேளு. துண்டு இல்லாம ஒண்ணு, துண்டோட ஒண்ணு. விளக்கம் நான் சொல்றேன். நீ சொன்னா மாணவன் ஏதோ தப்புப் பண்ணிட்டான்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நான் சொன்னா வேற வழியில்ல."

"அனுமதி நின்னுரும் மேடம்."

"நிக்கட்டும். பதிவேட்டை எடு."

எடுத்துக் கொடுத்தான். அவர் கடைசிப் பக்கத்துக்குப் போவார் என்று நினைத்தான். முதல் பக்கத்தைத் திறந்தார். எண் பூஜ்யம். இனம் என்ற காலிக் கட்டத்தில், இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கி, 'மனிதர்' என்று எழுதினார். வெப்பநிலைக் கட்டத்தில் 'அளக்கவில்லை'. பதில் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா சற்று நின்றது. அரசுப் பதிவேட்டில் ஒரு சொல்லைத் திருத்த முறை இருக்கிறது. கிறுக்கி மறைக்கக் கூடாது. பழைய சொல் படிக்கும்படியாக, ஒற்றைக் கோடு மட்டும். அவர் 'சம்மதம்' மேல் ஒற்றைக் கோடு போட்டார். பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டு, தேதி போட்டார். ஓரத்தில் 'அடித்தல் திருத்தல்: 1' என்று முறைப்படி குறித்தார்.

பிறகு பேனாவை மூடாமல் பதிவேட்டைச் சொரிமுத்து பக்கம் நகர்த்தினார்.

"உன்னோடது எத்தனாம் நம்பர்ல இருந்து?"

"இருபத்தஞ்சு மேடம்."

"காலையில பத்து மணிக்குக் குழு வந்துடும்."

முன்னூற்று எண்பத்தெட்டு ஒற்றைக் கோடுகள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எண் இருபத்தைந்து, கொடி ஆடு, பத்தொன்பது கிலோ. அது எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தான், வரவில்லை. கோடு போட்டான். இருபத்தாறு. இயக்குநர் எதிரே உட்கார்ந்து, தனக்குரிய முதல் இருபத்து நான்கு வரிகளுக்காக இன்னொரு பேனாவைத் தேடினார்.

பேச்சி வக்கீலை அழைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அது மேசையருகே வந்து நின்று, இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பைச் சிலுப்பியது. தண்ணீர் மூவர் மேலும் தெறித்தது; பதிவேட்டின் மேலும் இரண்டு சொட்டு விழுந்தது.

யாரும் அதற்கு ஓர் அர்த்தம் சொல்லவில்லை. பேச்சி கீரையை நீட்டினாள். வக்கீல் கீரையைத்தான் தின்றது.